கொலைகாரன் ஸ்பெயின்காரன்தான், நம்புங்கள்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்த்த நாவலில் வருகிற கொலைகாரன் ஸ்பெயின்காரன். அவனுடைய அப்பன் ஸ்பெயின்காரன், பாட்டன் ஸ்பெயின்காரன், அவன் கொன்ற மனிதனும் ஸ்பெயின்காரன். நாவலை எழுதியவரும் ஸ்பெயினில் பிறந்து ஸ்பெயினிலேயே செத்துப்போனவர். பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் என்று ஓர் இடம் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது. இதை ஒரு வருடமாகப் பாரிசில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. நீங்களாவது நம்புங்கள்.

புத்தகம் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். கேக் வெட்டிக் கொண்டாடுகிற அளவுக்கு அது விற்கவில்லை. ஆனால் அது வந்த பிறகு இங்கே நடந்த கூத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கந்தீனில் வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிற இடம் அது. தட்டில் துருவிய கரட்டை வைப்பது, அதைச் சாப்பிடாமல் மேசைக்குக் கீழே எறிகிறவர்களைப் பிடிப்பது, இவைதான் என் உத்தியோகம். எனவே என் பிரெஞ்சும் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. ஒருமுறை, வதிவிட அட்டை கொடுக்கிற பிரெபெக்தூர் அலுவலகத்தில், அதிகாரி என் கோப்பைக் காணவில்லை என்றபோது, “நீங்கள்தான் எடுத்தீர்கள், நான் பார்த்தேன், இப்போதே திருப்பித் தாருங்கள்” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். கந்தீனில் எங்களுக்குப் பழக்கமான பேச்சு அது. அந்த மனிதர் பயந்துபோய் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். கோப்பு அங்கேதான் கிடந்தது.

அதே இடத்தில்தான் பிறகு ஒருநாள் அட்டை புதுப்பிக்கப் போனபோது, தொழில் என்ற இடத்தில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதிவிட்டேன். ஓர் ஆசைதான். உள்ளே இருந்த பெண் என் கந்தீன் சம்பளத் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் மதாம்” என்றாள். கந்தீன் என்றேன். கந்தீனுக்குத்தான் அட்டை கிடைக்கும்.

நாவல் என் கைக்கு வந்தது மகள் மதுராவால். லிசே என்கிற உயர்பள்ளியில் அவளுக்குப் பாடப் புத்தகமாகக் கொடுத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் இருந்து பிரெஞ்சுக்குப் போன பதிப்பு. பிறகு பல்கலைக்கழகம் படிக்கிறதற்குத் துலூஸ் நகரத்துக்குப் போனவள் அதைக் குசினி மேசையில் போட்டுவிட்டுப் போனாள். “அதை வாசிக்காதே அம்மா, ஒரே செத்தவீடு” என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு ஒப்பந்தம் அது. வாசிக்காதே என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் வாசிக்காமல் இருப்பாள். வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தடவை விட்டேன், முடித்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கோபம் வந்தால் சிலர் சட்டி பானையைப் போட்டு உடைப்பார்கள். நான் மொழிபெயர்த்தேன். சில வருடங்கள் பிடித்தன.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறகு வரப்போகிற சண்டைகளுக்கு அது தேவை.

ஸ்பெயினில் புல் முளைக்காத மேட்டு நிலத்தில் ஓர் ஊர். போர் முடிந்து எல்லாரும் பட்டினி. எலாதியோ என்று ஒருவன், மரத்தை எரித்துக் கரி விற்கிறவன். அவனுக்குப் பசித்த பிள்ளைகள். அவன் குடிசையைத் தாண்டித்தான் பக்கத்து வீட்டுக்காரன் மலையில் ஏறி இறங்கி எங்கேயோ இருந்து அரைச் சாக்கு கோதுமை மா கொண்டுவருகிறான். பனி கொட்டுகிறது. சாக்கோடு வந்தவன் கொஞ்ச நேரம் ஒதுங்கிப் போகலாம் என்று கதவைத் தட்டுகிறான். எலாதியோ கதவைத் திறக்கிறான், கோடரிப் பிடியால் ஓர் அடி, சாக்கு உள்ளே, ஆள் வெளியே.

பிறகு அவனே பிணத்தைக் ‘கண்டெடுத்து’, அவனே புதைக்கிறான். மலையில் விழுந்து செத்துப்போனான் என்று ஊருக்குச் சொல்கிறான். ஊர் நம்புகிறது. ஸ்பெயினில் நம்புகிறார்கள். செத்தவனின் மனைவி, தன் புருசனைப் பனியில் கிடக்க விடாமல் அடக்கம் செய்த நல்ல மனிதன் என்று எலாதியோவுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பாற்கட்டி செய்து கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் அதை வாங்கித் தின்கிறான். அவ்வளவுதான் நாவல். இருநூறு பக்கத்துக்கு அந்த அறுவான் இருந்து பாற்கட்டி தின்கிறான். ஒவ்வொரு பாற்கட்டியும் முந்தினதை விடத் தொண்டையில் அதிகமாகச் சிக்குகிறது.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அந்த மனிதனை வெறுக்கலாம் என்று பார்த்தால் எழுதியவர் விடுகிறார் இல்லை. சாக்கைப் பிரித்தவுடன் அவனுடைய கடைசிப் பெண் மாவை அப்படியே அள்ளி வாயில் போடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. கந்தீனில் நாள் முழுவதும் மிஞ்சின பாண் ரொட்டியைக் குப்பையில் கொட்டுகிற எனக்கு அந்தப் பக்கம் லேசில் கடக்கவில்லை.

இதைத் தமிழில் செய்யும்போது எலாதியோவை எங்கள் ஊர் ஆட்கள் மாதிரிப் பேச வைத்தேன். கரி எரிக்கிற ஆள் புத்தகத் தமிழில் பேசினால் எவன் வாசிப்பான். ‘ஓம்’ என்றான், ‘இஞ்சை வாங்கோ’ என்றான். அதுதான் என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல்.

3

வெளியீட்டு விழா லாச்சப்பல் ரயில் பாலத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, தின்ன ரோல்ஸ், ஆறு பேச்சாளர்கள். ஐந்து பேர் புத்தகத்தை வாசிக்கவில்லை என்பது அவர்கள் என்னைப் புகழ்ந்ததிலேயே தெரிந்தது. ஆறாவது ஆள் வாசித்திருந்தார். அதுதான் வினை. அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “இந்த எலாதியோ ஆரெண்டு எங்களுக்கு விளங்குது. சகோதரி ஸ்பெயின் எண்டு போட்டது அவவின்ரை கெட்டித்தனம்” என்றார். மண்டபம் கை தட்டியது. எனக்கு விளங்கவில்லை. நானும் சேர்ந்து தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மரக்கறி வாங்க லாச்சப்பலில் ரூ பெர்தொனே என்கிற கடைத்தெருவுக்குப் போனபோது தெரிந்தது, புத்தகம் தெருவெல்லாம் போயிருக்கிறது. வாங்கினவர்கள் சிலர்தான். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் வாசிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களை விட்டுப் போகவில்லை. எல்லாரும் அதை வாசித்த விதம் ஒன்றுதான். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் பெயர் எழுதி வாசித்திருக்கிறார்கள். இவன் அவன், அவள் இவள். எங்கள் சனத்துக்குக் கற்பனைக் கதை என்று ஒன்று கிடையாது. கதை என்றால் யாரையோ பற்றியது. யாரையோ பற்றியது என்றால் அதை எழுதச் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும்.

அந்த ஒருவன் என் புருசன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பொம்பிளை எழுதுகிற கதையா இது. அவர் ஒரு சாமான் கடையில் பெட்டி இறக்குகிறவர். வாழ்நாளில் தொலைபேசி வழிகாட்டியைத் தவிர வேறு தடித்த புத்தகத்தை அவர் தொட்டதில்லை. அவரைத் தெருவில் நிறுத்தி, “அண்ணை, பயங்கரமாத் துணிஞ்சிட்டியள்” என்று கை கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. “உண்மையை மறைக்கேலாது தானே” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார், “அதிலை என்னடியப்பா உண்மை இருக்கு?”

முதல் முறைப்பாடு ஒரு பலசரக்குக் கடை முதலாளியிடம் இருந்து வந்தது. நாவலில் ஒரு தானியக் கடைக்காரன் வருகிறான். தங்கப் பல், பருப்பில் மண் கலப்பவன். இந்த முதலாளிக்கும் ஒரு தங்கப் பல் இருக்கிறது. அது போதாதா. என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

“பிள்ளை, நான் பருப்பிலை எப்ப மண் கலந்தனான்?”

“அண்ணை, அது ஸ்பெயின் கடைக்காரன்.”

“ஸ்பெயின்காரன் பருப்பு தின்னுறவனோ?”

“தின்னுவினம் அண்ணை.”

“தங்கப் பல்லும் கட்டுவினமோ?”

மதுராவின் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட்டையை ஆரும் அடிக்கலாம் பிள்ளை, உதிலை ரெண்டு தெரு தள்ளி ஒரு பெடியன் கலியாணக் கார்ட்டே இதைவிட வடிவா அடிப்பான்” என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையில் கறிவேப்பிலை சும்மா கிடைப்பதில்லை.

பிறகு இயக்கத்தில் இருந்த ஒருவர் வந்தார். நாவலில் வருகிற பொலிஸ் தங்களைத்தான் குறிக்கிறது என்றார். அவருக்குப் பரம விரோதியான இன்னொருவர் வந்தார். அவரும் அதே பொலிஸ் தங்களைத்தான் குறிக்கிறது என்றார். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, உங்களில் யார் என்று நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள் என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இவ்வளவு காலமும் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காதவர்கள் அன்று நெடுநேரம் இருந்து கதைத்ததாகக் கேள்வி. இலக்கியத்தால் பயனில்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

மதுராவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தாள். “புத்தகம் நல்லா வந்திருக்கு என்று அர்த்தம், அம்மா” என்றாள், பிரெஞ்சில்தான். உனக்கு ஒரு பிரதி அனுப்பட்டா என்று கேட்டேன். “எனக்கு ஏன், நான்தான் ஏற்கெனவே வாசித்தேனே” என்றாள். அவளால் தமிழ் எழுத்துக் கூட்டி ஒரு கடைப் பெயர்ப்பலகை வாசிக்க முடியும். அதற்குள் பஸ் போய்விடும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நான் எழுதியதை உலகத்தில் யாரெல்லாமோ தங்களைப் பற்றியது என்று அடிபிடிப் படுகிறார்கள், பெற்ற பிள்ளைக்கு அது வேண்டாம்.

4

தவராசா வந்தது இந்தக் கூத்தெல்லாம் கொஞ்சம் அடங்கின பிறகு. எல்லாரும் தவம் என்று கூப்பிடுவார்கள். வன்னியில் இருந்து சண்டை முடிந்து சில வருடத்தில் வந்த ஆள். ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்காரர். ஒவ்வொரு மே மாதமும் கடைசிச் சண்டையில் செத்தவர்களின் நினைவு நாளுக்கு லாச்சப்பலில் ஊற்றிக் கொடுக்கிற கஞ்சியை அவர்தான் காய்ச்சுவார். பெரிய கிடாரத்தில் விடியவே வந்து நின்று கிண்டுவார். உப்புப் பார்க்க மட்டும் பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுவார், தான் ஒரு சொட்டும் வாயில் வைக்க மாட்டார். ஏதோ விரதம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு சனி மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து கடை வெறுமையாக இருந்தது. என்னைக் கண்டு ஏப்ரனோடு வெளியே வந்தார். “அக்கா, ஒரு கோப்பி குடிப்பம்” என்று மெத்ரோப் பாலத்துக்குக் கீழே இருக்கிற கபேக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு எலாதியோ என்று நினைத்தேன். இருந்தவுடனேயே பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

“தவம், இஞ்சை பார், அது ஸ்பெயினிலை நடந்த கதை. எழுதினவர் செத்துப்போனார். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லித் தரேல்லை.”

“ஸ்பெயின் எண்டு போடுங்கோ, ஜப்பான் எண்டு போடுங்கோ அக்கா. அது பிரச்சினையில்லை. சாக்கு எண்டு போட்டிருக்கிறியள். சாக்கில்லை. வாளி.”

நான் சிரிக்கத் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

“என்ன வாளி?”

“கஞ்சி வாளி.”

அவர் சொன்னதை நான் இங்கே குறைத்துத்தான் எழுதுகிறேன். கடைசி நாட்கள். மணலுக்குள் தோண்டின பங்கர். உள்ளே அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாய். கை நீட்ட இடமில்லை. பிள்ளைகள் முந்தின நாளில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. யோகன் என்று பக்கத்துப் பங்கர் ஆள், கஞ்சி கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்று, மனைவிக்கு என்று ஒரு வாளி கஞ்சியோடு ஓடி வருகிறார். மனைவி வயிற்றில் பிள்ளையோடு அடுத்த பங்கரில் காத்திருக்கிறாள். ஷெல் விழத் தொடங்குகிறது. தன் பங்கர் வரை போக முடியாது. தவத்தின் பங்கர் வாசலுக்குள் யோகன் காலை வைக்கிறார், முதலில் வாளியை உள்ளே நீட்டுகிறார்.

“வாளியை வாங்கினனான் அக்கா. ஆளைக் காலாலை உதைஞ்சனான். ரெண்டும் ஒரே நேரத்திலை.”

கோப்பி வந்தது. தவம் நிறுத்தவில்லை.

“ரெண்டாவது ஷெல் வாசலுக்கு வெளியிலை. பிள்ளையள் குடிச்சதுகள். பிறகு யோகனை நான்தான் மண்ணுக்குள்ளை தாட்டனான். சுகந்தியிட்டை, ஓடி வரேக்கை றோட்டிலை ஷெல் பட்டிட்டுது எண்டனான். என்ரை மனிசி இண்டுவரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் கதைச்சதில்லை. அவவும் உள்ளைதான் இருந்தவ.”

சுகந்தியை எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, அந்தக் கஞ்சிக்குக் காத்திருந்தவள். பாரிசுக்கு வடக்கே எபினே-சூர்-செய்னில் இருக்கிறாள். தகப்பன் போன பிறகு பிறந்த பெண் அபி, லிசேக்குப் போகிறாள். சுகந்திக்குக் கூடப் பிறந்த சகோதரன் இல்லை என்று, அபி பெரியவளானபோது நடந்த சாமத்திய வீட்டில் தாய்மாமன் முறைக்குத் தவத்தைத்தான் நிறுத்தினார்கள். அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். பட்டு வேட்டியோடு தேங்காய் உடைத்தார். வீடியோக்காரன் மூன்று தடவை உடைக்க வைத்தான்.

“சுகந்தி புத்தகம் வாங்கி வச்சிருக்கிறா அக்கா. லீவிலை வாசிப்பன் எண்டவ. அவ வாசிச்சா விளங்கிடும்.”

“அவளுக்கு ஏன் விளங்கப் போகுது? ஸ்பெயின்காரன் எண்டுதான் நினைப்பாள்.”

“இஞ்சை ஆர் அக்கா அப்பிடி நினைச்சது?”

நான் என் கோப்பியில் இரண்டாவது தடவையும் சீனி போட்டேன்.

அவர் கோப்பியைத் தொடவில்லை. “நான் கடைசி அத்தியாயம் வாசிக்கேல்லை, பயத்திலை மூடி வச்சிட்டன். நீங்கள் சொல்லுங்கோ. கடைசியிலை அவன் அந்த மனிசியிட்டைச் சொல்லுறானோ?” என்று கேட்டார்.

கந்தீனில் பொய் சொல்லுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தத் தொழில் தெரியும். சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். மன்னிக்கிறாள் என்றும் சேர்த்திருக்கலாம். ஆனால் எழுதியவர் எழுதாததை நான் இதுவரை ஒரு வரியும் சேர்த்தது கிடையாது. அதோடு, இந்த மனிதர் அந்தப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது.

“இல்லை, சொல்லேல்லை” என்றேன். “சாகேக்கை பாதிரியார் வந்து கேக்கிறார். வாயைத் திறக்கிறான், தண்ணி கேக்கிறான், சாகிறான். அந்த மனிசி அவனுக்குக் கல்லறை கட்டி, நல்ல அயலவன் எண்டு கல்லிலை வெட்டி வைக்கிறா. அவ்வளவுதான்.”

தவம் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

“அப்ப அது நானில்லை” என்றார்.

“அதைத்தானே நான் அப்போதை இருந்து சொல்லுறன்.”

“நான் சொல்லப் போறன் அக்கா. நாளைக்கு எபினேக்கு வாங்கோ.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டேன். அந்தப் பெண் இவ்வளவு காலமும் ஏதோ ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கிறாள், நீ உன் பாரத்தை இறக்குவதற்கு அவள் தலையில் கொண்டுபோய்ப் போடப் போகிறாயா என்று கேட்டேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

“அப்பிடி நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தனான்” என்றார் தவம். “ஆனா அக்கா, அந்தப் பிள்ளை தன்ரை கலியாணத்துக்கும் நான்தான் மாமன் முறைக்கு நிக்கோணும் எண்டு கேக்குது. இன்னும் எத்தினை தேங்காய் உடைக்கிறது?”

“அதுக்கு நான் ஏன்?”

“எனக்குத் தொண்டை அடைச்சா நீங்கள் தொடங்கி விடுங்கோ. புத்தகத்திலை வடிவாத் தொடங்கியிருக்கிறியள்.”

எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான விமர்சனம் அது.

5

பதற்றப்படுகிறவர்களுக்காக விளைவை முதலே சொல்லிவிடுகிறேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை, பொலிஸ் வரவில்லை. சுகந்தி இன்றுவரை தவத்தோடு கதைப்பதில்லை. அபி இடைக்கிடை அவருக்குத் தொலைபேசி எடுப்பதாகக் கேள்வி. இதை எழுதப் போகிறேன் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். “இனி ஆருக்குப் பயம், எழுதுங்கோ” என்றார் தவம். சுகந்தி, “எழுதினா சரியா எழுதுங்கோ” என்றாள். பெயர்களை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன். பென்சிலோடு இருப்பவர்கள் வீணாகக் களைக்க வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து ரயில் எடுத்தோம். தவம் சவரம் எடுத்து, சாமத்திய வீட்டுக்குப் போட்ட அதே சேர்ட்டைப் போட்டிருந்தார். வேறு நல்ல சேர்ட் இல்லை என்று அவரே சொன்னார். எபினேயில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறாம் மாடி. அந்தப் படிகளில் ஏறும்போது என் மனதில் இருந்ததெல்லாம், சுகந்தி வீட்டில் இருக்கக் கூடாது, எங்கேயாவது கோயிலுக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான்.

அவள் வீட்டில் இருந்தாள். “வாங்கோ அண்ணை, என்ன அக்காவும் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல்” என்று சிரித்தபடி தேத்தண்ணி வைக்கப் போனாள். அபி சோபாவில் படுத்துத் தொலைபேசி நோண்டிக்கொண்டிருந்தாள். “போன்ஜூர் மாமா” என்று இருந்த இடத்தில் இருந்து கையைக் காட்டினாள். தவம் இருக்கவில்லை. சுகந்தி தட்டோடு வரும்வரை நின்றார். நான் தொடங்கி விடவேண்டிய தேவை வரவில்லை. அவள் தட்டை மேசையில் வைத்ததும் தொடங்கிவிட்டார். எனக்குச் சொன்னதை விட வேகமாக, நிறுத்தாமல், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கால் எப்படி உதைத்தது என்பதையும் சொன்னார்.

சுகந்தி தொலைக்காட்சியை நிறுத்தினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்கடை பிள்ளையள் குடிச்சதுகளோ?”

“ஓம்.”

“நான் அண்டைக்கு இரவு வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றாள். “கஞ்சி வரும் எண்டு.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அபி எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பிடு, படு, கதவைப் பூட்டு என்கிற அளவுக்குத்தான். தவம் பேசின வேகத்தில், பங்கரும் ஷெல்லும் தாட்டதும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அப்பாவின் பெயர் வந்தது கேட்டிருக்கிறது. “அன்ரி, மாமா என்ன சொல்கிறார்? அப்பாவைப் பற்றியா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் திரும்பாமலே, “சொல்லுங்கோ அக்கா. எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது” என்றாள்.

அந்த நாவலில் எனக்குக் கஷ்டமான பக்கங்கள் நிறைய இருந்தன. ஒரு சொல்லுக்காக ஒரு கிழமை திரிந்திருக்கிறேன். அன்று சொல்லுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு போதுமாக இருந்தது. இடம் இல்லை, தள்ளினார், வாளியை எடுத்தார், குடித்தார்கள். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். தவத்துக்காக எதையும் மெதுவாக்கவில்லை, அபிக்காக எதையும் விழுங்கவில்லை. இது யாரைப் பற்றியது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் முடித்தேன். அபி அழுவாள், கத்துவாள், தவத்தை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். தவமும் அதற்காகத்தான் கதவுக்குக் கிட்ட நின்றார். அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு என்னிடம், “அப்பா அப்போது ஏதாவது சொன்னாரா என்று கேளுங்கள். அவருக்குத்தானே தெரியும்” என்றாள்.

தவத்திடம் தமிழில் கேட்டேன். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் முதல் தடவையாக அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

“‘அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ’ எண்டவர்.”

மெத்ரோவில் நாள்தோறும் யாராவது யாரிடமாவது சொல்கிற வார்த்தை. அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அபி அதை விடவில்லை. பிரெஞ்சில் வேண்டாம், அவர் சொன்ன மாதிரியே வேண்டும் என்றாள். தமிழில் இன்னொரு தடவை சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள், ‘ள்ளி’ சரியாக வராமல், இரண்டு தடவை. பதினைந்து வருடத்தில் அவளுடைய அப்பாவின் வாயில் இருந்து அவளுக்கு வந்து சேர்ந்த முதல் வசனம் அது.